சேர்வோ வோல்ற்றளவு நிலைப்படுத்திகள்: வகையும் இயக்கமும்

தோற்றுவாய்

அளவோடு நிற்கும்வரையே எப்பொருளும் பயன் தரும். மழை பொய்த்தால் பயிர் வாடும்; மிகுந்தால் பயிர் அழுகும். மின்சாரமும் இவ்விதிக்குப் புறம்பன்று. இலங்கையில் வீடுகளுக்கு வழங்கப்படுவது 230 வோல்ற்று அளவும், செக்கனுக்கு 50 என்னும் மீடிறனும் உடைய ஆடலோட்டமாகும். இவ்வோல்ற்றளவு நூற்றுக்கு 6 பங்கு ஏறியோ இறங்கியோ வரலாமென விதி வகுக்கப்பட்டுள்ளது. அஃதாவது, 216.2 வோல்ற்றுக்கும் 243.8 வோல்ற்றுக்கும் இடைப்பட்ட எந்த அளவும் முறையானதே. இவ்வெல்லை கடக்கப்படும்போதே இடர் தோன்றுகின்றது.

அவ்விடரை நீக்கும் கருவியே வோல்ற்றளவு நிலைப்படுத்தி. இதனைக் கடைவீதியில் 'ஸ்டெபிலைசர்' என்று கேட்டு வாங்குவர். அதனுள்ளும் 'சேர்வோ' வகை சிறந்ததென்று விலையும் அதிகமாகக் கொடுப்பர். ஆயின் அது யாது செய்கின்றது, எவ்வாறு செய்கின்றது, எதனைச் செய்யமாட்டாது என்பவற்றை அறிந்து வாங்குவோர் மிகச் சிலரே. அறியாது வாங்கிய கருவி சில வேளைகளில் காக்க வந்த பொருளையே கெடுத்துவிடுவதும் உண்டு. ஆதலின், இக்கருவியின் இயக்கத்தையும் வகைகளையும் ஓரளவு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வோல்ற்றளவு மாறுதற்குக் காரணம்

திருகோணமலைக்கு மின்சாரம் அநுராதபுரப் பக்கத்திலிருந்து 132,000 வோல்ற்று அளவில் நெடுந்தூரம் வந்து சேர்கின்றது. இங்குள்ள உபமின்னிலையத்தில் அது 33,000 வோல்ற்றாகக் குறைக்கப்பட்டு, பின்னர்த் தெருவோர நிலைமாற்றிகளால் மேலும் குறைக்கப்பட்டு, வீடுகளை அடைகின்றது. நிலைமாற்றியை அடுத்துள்ள வீட்டுக்கு முழு வோல்ற்றளவும் கிடைக்கும். கரையோரத் தெருவொன்றின் வழியே நீண்டு செல்லும் கம்பியின் கடைக்கோடியில் உள்ள வீட்டின் நிலையோ வேறு.

கம்பிக்குத் தடை உண்டு. நிலைமாற்றியிலிருந்து கடைசி வீடு வரை சென்று மீளும் கம்பியின் தடை 0.8 ஓம் எனக் கொள்வாம். நள்ளிரவில் அக்கம்பியில் 3 அம்பியர் மட்டும் ஓடுமாயின், வீழ்ச்சி 2.4 வோல்ற்று மாத்திரமே, வீட்டுக்கு 227.6 வோல்ற்றுக் கிடைக்கும். மாலை ஏழு மணிக்கு விளக்கும் விசிறியும் நீரிறைக்கும் பம்பியும் ஒருங்கே இயங்கி 30 அம்பியர் ஓடுமாயின், வீழ்ச்சி 24 வோல்ற்றாகும். அப்பொழுது கிடைப்பது 206 வோல்ற்று. இது விதி குறித்த எல்லைக்குக் கீழானது.

அண்மைக் காலத்தில் இதற்கு மறுதலையான நிலையும் தோன்றியுள்ளது. கூரைகளிற் பொருத்தப்பட்ட சூரியத் தகடுகள் நண்பகலில் மின்சாரத்தைக் கம்பிக்குத் திருப்பிச் செலுத்துகின்றன. முன்கூறிய கம்பியில் 20 அம்பியர் எதிர்த்திசையில் ஓடுமாயின், வோல்ற்றளவு 16 வோல்ற்று உயர்ந்து 246 ஆகும். எனவே, ஒரே வீடு நண்பகலில் மிகுதியாலும் மாலையிற் குறைவாலும் வருந்தக்கூடும்.

மாற்றத்தால் விளையும் கேடு

வெப்பமூட்டும் கருவி ஒன்றின் வலு, வோல்ற்றளவின் வர்க்கத்துக்கு நேர்விகிதமானது. 230 வோல்ற்றில் 1000 உவாற்று நுகரும் அடுப்பு, 184 வோல்ற்றில் 640 உவாற்றே நுகரும். சமையல் தாமதமாகும், வேறு கேடில்லை. மோட்டரின் நிலை அத்தகையதன்று. தூண்டல் மோட்டரின் முறுக்குவிசையும் வோல்ற்றளவின் வர்க்கத்தைப் பொறுத்தது. 184 வோல்ற்று என்பது 230இன் நூற்றுக்கு 80 பங்கு. ஆயின் முறுக்குவிசையோ 64 பங்காகச் சுருங்கிவிடும். குளிர்சாதனப் பெட்டியின் மோட்டர் அமுக்கத்தை எதிர்த்துத் தொடங்க வேண்டியது. அவ்விசை போதாதாயின் அது சுழலாது முனகி நிற்கும். சுழலாத மோட்டர், ஓடும் மோட்டரைப்போலப் பன்மடங்கு மின்னோட்டத்தை உறிஞ்சும். பாதுகாப்பு ஆளி உரிய வேளையில் துண்டிக்காவிடின் சுருள் கருகிவிடும்.

கொட்பே போன்ற மீன்பிடித் துறைகளில் மீனைக் காப்பது ஐஸ். மருத்துவ நிலையங்களில் தடுப்பு மருந்துகள் 2 பாகை முதல் 8 பாகை செல்சியசு வரையான குளிரிற் பேணப்படவேண்டியவை. இவ்விடங்களில் ஒரு மோட்டர் ஓரிரவு நின்றுவிடுமாயின், இழப்பு மோட்டரின் விலையோடு முடிவதன்று.

'சேர்வோ' என்னும் சொல்

இலத்தீன் மொழியில் 'சேர்வுஸ்' என்பது அடிமையை அல்லது ஏவலாளனைக் குறிக்கும். இச்சொல்லை இயந்திரவியலிற் புகுத்தியவர் பிரான்சு நாட்டுப் பொறியியலாளர் ஷோசேப் பார்க்கோ என்பவர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீராவிக் கப்பல்கள் பருத்தபோது, அவற்றின் சுக்கானைத் திருப்ப மனித வலு போதாதாயிற்று. 1860களிற் பார்க்கோ அமைத்த பொறியில், சுக்கானி சிறு சக்கரமொன்றைத் திருப்புவான். நீராவி இயந்திரம் சுக்கானைத் திருப்பத் தொடங்கும். சுக்கான் சக்கரம் குறித்த நிலையை அடைந்ததும் இயந்திரம் தானே நின்றுவிடும். 1873ஆம் ஆண்டில் தாம் வெளியிட்ட நூலில் இதனை 'ஏவலியந்திரம்' என்னும் பொருள்பட அவர் பெயரிட்டு விளக்கினார்.

துறைமுக நகரில் வாழும் எமக்கு இவ்வரலாறு எளிதில் விளங்கும். எமது குடாவினுள் நுழையும் கப்பலின் சுக்கானி, குறித்த திசையையும் கப்பல் செல்லும் திசையையும் ஒப்புநோக்குகிறான்; வேறுபாட்டளவே சுக்கானைத் திருப்புகிறான்; வேறுபாடு தீர்ந்ததும் கையை ஓய்விக்கிறான். அளத்தல், ஒப்பிடல், திருத்தல், ஓய்தல் என்னும் இந்நான்கும் சேரின் அதுவே சேர்வோ முறை. திருத்தத்தின் பயன் மீண்டும் அளக்கப்பட்டு வருதலால் இதனைப் பின்னூட்டல் என்பர். அமெரிக்கக் கணிதவியலாளர் நோபேட் வீனர் 1948இல் இத்துறைக்குப் பெயரிட்டபோது, சுக்கானியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையே அடியாகக் கொண்டமை ஈண்டு நினைவுகூரத்தக்கது.

நிலைப்படுத்தியின் உறுப்புகள்

சேர்வோ நிலைப்படுத்தியில் முதன்மையான உறுப்புகள் நான்கு.

முதலாவது, மாறும் தன்னிலைமாற்றி. வளையவடிவான இரும்பு உள்ளகத்தின்மேல் ஒரே செப்புச் சுருள் சுற்றப்பட்டிருக்கும். அதன் ஒரு முகத்திற் காப்புப்பூச்சு நீக்கப்பட்டு, அதன்மேற் காபன் தூரிகையொன்று வழுக்கிச் செல்லும். தூரிகை நிற்கும் சுற்றுக்கேற்ப வோல்ற்றளவு படிப்படியாகவன்றி ஒழுகலாக மாறும். 1930களில் அமெரிக்க நிறுவனமொன்று 'வேரியக்' எனப் பெயரிட்டு விற்ற இக்கருவியைப் பௌதிகவியல் ஆய்வுகூடத்தில் மாணவர் கண்டிருப்பர்.

இரண்டாவது, கூட்டற்கழித்தல் நிலைமாற்றி. இதன் துணைச்சுருள் வழங்கு கம்பியோடு தொடராக இணைக்கப்பட்டிருக்கும். முதற்சுருளுக்குத் தன்னிலைமாற்றியின் தூரிகை மின் ஊட்டும்.

மூன்றாவது, தூரிகையை இருபுறமும் நகர்த்தும் சிறு மோட்டர். இதுவே ஏவலாள்.

நான்காவது, கட்டுப்பாட்டுச் சுற்று. இது வெளிவரும் வோல்ற்றளவை அளந்து, மாறாத உள்ளளவு ஒன்றுடன் ஒப்பிட்டு, வேறுபாட்டை, அஃதாவது வழுவை, அறிந்து மோட்டரை ஏவும். வள்ளுவர் நடுவுநிலைமைக்குத் துலாக்கோலை உவமித்தார். இக்கருவியின் துலாக்கோல் இச்சுற்றே.

இயங்கும் முறை

எண்கொண்டு இதனை விளக்குவாம். தன்னிலைமாற்றி வெளிவரும் 230 வோல்ற்றின் குறுக்கே இணைக்கப்பட்டுள்ளது என்க. அதன் நடுப்புள்ளியிலிருந்து பார்க்கும்போது, தூரிகை ஒரு முனையில் 115 வோல்ற்றையும், நடுவிற் சுழியையும், மறுமுனையில் எதிர்க்கட்டத்தில் 115 வோல்ற்றையும் தரும். கூட்டற்கழித்தல் நிலைமாற்றியின் விகிதம் ஐந்துக்கு இரண்டாயின், வழங்கு கம்பியில் அதிகப்படியாக 46 வோல்ற்றைக் கூட்டவோ கழிக்கவோ இயலும். எனவே, உள்வருவது 184 முதல் 276 வரை எதுவாயினும் வெளிவருவதை 230இல் நிறுத்தலாம்.

உள்வருவது 200 வோல்ற்றாகக் குறைந்தது என்க. கட்டுப்பாட்டுச் சுற்று குறையை உணர்ந்து மோட்டரை ஏவும். தூரிகை நடுப்புள்ளியினின்றும் 75 வோல்ற்று நிலைவரை நகரும். 75இல் ஐந்தில் இரண்டு 30. 200உடன் 30 கூட 230 ஆயிற்று. வழு தீர்ந்தது, மோட்டர் ஓயும். உள்வருவது 250 ஆயின், தூரிகை மறுபுறத்தில் 50 வோல்ற்று நிலைக்குச் செல்லும்; 20 வோல்ற்றுக் கழியும்.

இவ்வமைப்பின் சிறப்பு யாதெனில், சுமை முழுவதும் தூரிகையின் வழியே செல்லாமையே. 10 கிலோவோல்ற்று அம்பியர் கொண்ட நிலைப்படுத்தியில் சுமையோட்டம் 43.5 அம்பியர். கூட்டற்கழித்தல் நிலைமாற்றி கையாளுவதோ 46 வோல்ற்று மட்டுமாதலின், அதன் கொள்திறன் 2 கிலோவோல்ற்று அம்பியர் போதும். தூரிகையிற் பாயும் மின்னோட்டமும் 17.4 அம்பியராகக் குறையும். பத்துப் பங்குச் சுமையை இரண்டு பங்கு இரும்பும் செம்பும் திருத்தும் இச்சிக்கனமே, பெருஞ்சுமைகளுக்கும் இக்கருவியை ஏற்றதாக்கியது. சிறு கருவிகளில் கூட்டற்கழித்தல் நிலைமாற்றியின்றி, சுமை நேரே தன்னிலைமாற்றியின் வழியாகச் செல்லுதலும் உண்டு.

ஓய்தலின் இன்றியமையாமை

வழு ஒரு சிறிதும் இல்லாதபோதே மோட்டர் நிற்கவேண்டுமென அமைப்பின், அது ஒருகாலும் நில்லாது. குறித்த புள்ளியைத் தாண்டிச் செல்லும், திரும்பும், மீண்டும் தாண்டும். இவ்வலைவினால் விளக்குகள் துடிக்கும், தூரிகை தேயும். ஆதலின், நூற்றுக்கு 1 பங்களவு வழுவைப் பொறுத்துக்கொள்ளுமாறு அமைப்பர். 230இல் இது ஏறத்தாழ 2.3 வோல்ற்று. இவ்வெல்லைக்குள் மோட்டர் அசையாது. சிறு குற்றம் பொறுத்தலே பெருங்குழப்பம் தவிர்க்கும் வழி என்பதனை இக்கருவியும் மெய்ப்பிக்கின்றது.

வேகத்துக்கும் எல்லை உண்டு. செக்கனுக்கு 30 வோல்ற்றுத் திருத்தும் கருவி, 30 வோல்ற்றுக் குறையை நீக்க ஒரு செக்கன் கொள்ளும். மாலைதோறும் மெல்ல விழும் வோல்ற்றளவுக்கு இது போதும். கண்ணிமைப்பொழுதில் தோன்றி மறையும் மாற்றத்துக்குப் போதாது.

வகைகள்

சேர்வோ வகையை அதன் உறவினரோடு ஒப்பிட்டு முதலில் அறிதல் நன்று. வீடுகளிற் பெரிதும் காணப்படும் மலிவான கருவி றிலே வகை. அதில் தூரிகை இல்லை. சுருளின் சில இடங்களிலிருந்து கிளைகள் எடுக்கப்பட்டு, றிலேக்கள் 'டக்' என்னும் ஒலியுடன் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும். திருத்தம் படிப்படியாக நிகழ்தலின் நுண்மை குறைவு. ஷோசேப் சோலா என்பவர் 1938இல் அமைத்த காந்த நிரம்பல் வகையில் அசையும் உறுப்பே இல்லை; ஆயின் வெப்பமும் இரைச்சலும் மிகுதி. இலத்திரனியல் ஆளிகளால் இயங்கும் வகை விரைவில் மிக்கது, விலையும் மிக்கது. நுண்மையும் ஓரளவு மலிவும் ஒருங்கே வேண்டுவோர்க்கு உரியது சேர்வோ.

சேர்வோ நிலைப்படுத்திகளைக் குளிராக்கும் முறைபற்றி இரண்டாகப் பகுப்பர். காற்றாற் குளிர்வன சிறியவை, பேணுதல் எளிது. எண்ணெயில் அமிழ்ந்தவை பெரியவை, ஆலைகளுக்குரியவை. உப்புக்காற்று வீசும் எமது கரையோரத்திற் செம்பு விரைவிற் களிம்பேறும். எண்ணெயில் அமிழ்ந்த சுருளுக்கு அவ்விடர் குறைவு. ஆயின் எண்ணெய் ஒழுகாமலும் தீப்பற்றாமலும் காத்தல் வேண்டும்.

தொடுகை முறைபற்றியும் பகுக்கலாம். வழுக்கும் தூரிகை உடையவை ஒரு வகை. மின்னோட்டம் மிகப் பெரிதாயின், நேரிய சுருளின்மேல் உருளும் காபன் உருளைகள் அமைந்தவை மற்றொரு வகை. சுழற்றப்படும் சுருளின் கோணத்தால் வோல்ற்றளவை மாற்றும் தூண்டல் வகையில் வழுக்கும் தொடுகையே இல்லை. ஆதலிற் பொறி பறத்தலும் இல்லை.

இப்பகுப்புகளிலும் முக்கியமானது அவத்தைபற்றியது. வீட்டுக்கு வருவது பெரும்பாலும் ஒற்றையவத்தை. ஆலைக்கும் பெரிய நிறுவனங்களுக்கும் வருவது மூவவத்தை. இதனை மக்கள் 'திறீ பேஸ்' என்பர். மூவவத்தை நிலைப்படுத்தி இருவகைப்படும். மூன்று தூரிகைகளையும் ஒரே மோட்டர் ஒருங்கே நகர்த்துவது சமநிலை வகை. ஒவ்வோர் அவத்தைக்கும் தனி மோட்டரும் தனிக் கட்டுப்பாடும் உடையது சமனிலி வகை. முன்னது மலிவு. அம்மலிவே இடருக்கு வித்தாகும்.

மூன்று அவத்தைகளும் முறையே 228, 200, 231 வோல்ற்றாக வருகின்றன என்க. சமநிலை வகைக் கருவி சராசரியை நோக்குமாயின், அது காண்பது 219.7, குறை 10.3. மூன்றையும் அவ்வளவு உயர்த்தும். விளைவு 238.3, 210.3, 241.3. நன்றாயிருந்த இரண்டும் மேலெல்லையை நெருங்கின. நோயுற்றது நோயோடேயே நின்றது. சராசரியை நோக்காது இரண்டாம் அவத்தையை மட்டும் நோக்கும் கருவியாயின், மூன்றையும் 30 உயர்த்தும். விளைவு 258, 230, 261. ஒன்று பிழைத்தது, இரண்டு அழிந்தன. வீடுகளின் ஒற்றையவத்தைச் சுமைகள் தாறுமாறாகப் பங்கிடப்பட்ட ஊர்க்கம்பியிலே மூன்று அவத்தைகளும் ஒத்திருத்தல் அரிது. ஆதலின், இத்தகைய கம்பியிலிருந்து மின் பெறும் பாடசாலைக்கோ மருத்துவ நிலையத்துக்கோ ஐஸ் தொழிற்சாலைக்கோ சமனிலி வகையே தக்கது.

நிலைப்படுத்தியால் ஆகாதவை

நிலைப்படுத்தி மின்சாரத்தை உண்டாக்குவதன்று. 2025ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆம் நாள் நாடெங்கும் மின் தடைப்பட்டபோது, எந்த நிலைப்படுத்தியும் ஒரு விளக்கையேனும் எரிக்கவில்லை. மீடிறனை அது திருத்தாது. இடியால் நேரும் பாய்ச்சலைத் தடுக்க வேறு கருவி வேண்டும். நொதுமல் கம்பி அறுந்து வோல்ற்றளவு 276ஐக் கடந்து சென்றால், திருத்துதல் இயலாது. சுமையைத் துண்டிக்கும் ஆளி இருப்பின் மட்டுமே பொருள் தப்பும்.

யாவற்றினும் ஆழ்ந்து எண்ணவேண்டியது மற்றொன்று. குறைந்த வோல்ற்றளவிலிருந்து முழு வலுவை எடுக்கும் நிலைப்படுத்தி, கம்பியிலிருந்து கூடிய மின்னோட்டத்தை இழுத்தே ஆகவேண்டும். 0.8 ஓம் தடையுள்ள முன்கூறிய கம்பியின் கடைக்கோடியில், 230 வோல்ற்றில் 10 கிலோஉவாற்று நுகரும் வெப்பமூட்டிகள் மட்டும் உள்ளன என்க. நிலைப்படுத்தி இல்லாதபோது 37.8 அம்பியர் ஓடி, அங்கே 200 வோல்ற்று நிற்கும். நிலைப்படுத்தியைப் பொருத்தினால், கருவியின் இழப்பை விட்டுக் கணித்தாலும், கம்பியின் முனையில் வோல்ற்றளவு ஏறத்தாழ 187ஆக வீழும். உள்ளே 230, வெளியே 187. அதே கம்பியில் அடுத்துள்ள அயலவர்க்கு முன்னர் 200 கிடைத்தது. இப்பொழுது அதுவும் இல்லை. அவரும் ஒரு நிலைப்படுத்தி வாங்குவார். கம்பி மேலும் தாழும். ஒருவர் குறையை மற்றொருவர் தலையில் ஏற்றும் இச்செயல், தெருவினர் யாவரும் செய்யுமிடத்து ஒருவர்க்கும் பயன் தராது.

ஆதலின், நலிந்த கம்பிக்கு உரிய மருந்து நிலைப்படுத்தி அன்று. தடித்த கம்பியிடுதல், அவத்தைகளிடையே சுமையைச் சமமாகப் பங்கிடுதல், நிலைமாற்றியை அருகே அமைத்தல் என்பனவே நிலையான பரிகாரங்கள். அவற்றைக் கேட்டுப் பெறுதற்கு வெறும் முறைப்பாடு போதாது, அளவுகள் வேண்டும். நண்பகல், மாலை ஏழு மணி, நள்ளிரவு ஆகிய பொழுதுகளில் ஒரு வாரம் வோல்ற்றளவை அளந்து குறித்த ஏடொன்று, பத்து விண்ணப்பங்களினும் வலிமையுடையது. வீட்டுச் செருகியில் அளத்தல் உயிருக்கு இடர் தரக்கூடுமாதலின், மாணவர் இதனை ஆசிரியர் அல்லது தேர்ந்த மின்வினைஞர் மேற்பார்வையிலேயே செய்தல் வேண்டும்.

தெரிதலும் பேணுதலும்

அவ்வேடே கருவியைத் தெரிதற்கும் துணையாகும். அளந்த மிகக் குறைந்த அளவும் மிகக் கூடிய அளவும் கருவியின் எல்லைக்குள் அடங்குதல் வேண்டும். மோட்டர்கள் தொடங்கும்போது இழுக்கும் மிகுதியான மின்னோட்டத்தைக் கருதி, கொள்திறனை நூற்றுக்கு 25 பங்கேனும் கூட்டிக் கொள்க. உள்வரும் கம்பியின் தடிப்பையும் நோக்குக: 10 கிலோவோல்ற்று அம்பியர் கருவி, 184 வோல்ற்றில் 54 அம்பியருக்கு மேல் இழுக்கும், 43.5 அம்பியருக்கெனத் தெரிந்த கம்பி சூடேறும்.

பேணுதலில் முதலிடம் தூரிகைக்கே. தேய்ந்த தூரிகை பொறி கக்கிச் சுருளை அரிக்கும். தூசும் உப்பும் படிந்த செப்புப் பாதையை, மின்னை முற்றாகத் துண்டித்த பின்னர், குறித்த காலங்களில் துடைப்பித்தல் வேண்டும். தூரிகை முனையை அடையும்போது மோட்டரை நிறுத்தும் எல்லை ஆளியும், புவிக்கம்பியும் செவ்வையாயிருத்தல் இன்றியமையாதது.

முடிவுரை

இதுவரை கூறியவற்றால், சேர்வோ நிலைப்படுத்தி என்பது வழுவைத் தானே அளந்து, வழுவளவே திருத்தி, வழு தீர்ந்ததும் ஓயும் ஏவலாள் என்பது பெறப்பட்டது. ஏவலாள் எத்துணை வல்லனாயினும், அவனுக்கு இடும் பணி இன்னதென ஏவுவோன் அறிதல் வேண்டும். ஓரவத்தையை நோக்கி மூன்றையும் திருத்துமாறு பணித்தால் அவன் அவ்வாறே செய்து கெடுப்பான். நலிந்த கம்பியிலிருந்து முழு வலுவை இழுக்குமாறு பணித்தால் அயலவர்க்குரியதையும் இழுத்துத் தருவான். அளந்தறிந்து பின் வாங்குக, வாங்கியதைப் பேணுக, கம்பியின் குறையைக் கம்பியிலேயே தீர்க்க முயல்க. பௌதிகவியலை வகுப்பறையிற் கற்கும் மாணவர், தம் தெருவின் வோல்ற்றளவை அளந்து ஏட்டில் எழுதத் தொடங்குவாராயின், அக்கல்வி அவர்க்கும் அவர் ஊருக்கும் ஒருங்கே பயன்படுவதாகும்.